கடற்கரை 250 மீற்றர் சரி, தண்ணீர் எவ்வளவு தூரம்?

கட்டாரில் வேலை செய்யும் ஒரு தங்கை எழுதியிருக்கிறார். நீளமான கடிதம், சுருக்கித் தருகிறேன்.

"அண்ணா, திருகோணமலை அலஸ்தோட்டத்தில் 20 பேர்ச் காணியோடு ஒரு வீடு விற்பனைக்கு வந்திருக்கிறது. மூன்று அறை, 2006ல் கட்டியது, 180 இலட்சம் கேட்கிறார்கள். கடற்கரை 250 மீற்றர், மெயின் ரோட் 300 மீற்றர், பிள்ளையார் கோயில், பாடசாலை, சுப்பர்மார்க்கெட், ஹோட்டல்கள் எல்லாம் பக்கத்தில், ஆஸ்பத்திரி பத்து நிமிடம், கிணறும் பைப் தண்ணீரும் உண்டு என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். இப்போது வவுனியாவில் வாடகைக்கு இருக்கும் அம்மாவும் (68 வயது, முழங்கால் வருத்தம்) என் நாலு வயது மகனும் அங்கே வந்து இருப்பார்கள். நான் இரண்டு வருஷத்தில் வந்துவிடுவேன். பிறகு மேலே ஒரு மாடி போட்டு வெளிநாட்டுக்காரருக்கு அறை வாடகைக்கு விடலாம் என்று யோசனை. உவர்மலையில் இருக்கும் அக்கா பாலையூற்றில் வேறொரு வீடு பார்த்திருக்கிறா, 140 இலட்சம், ஆனால் அதில் சொல்லிக்கொள்ள ஒரு வசதியும் இல்லை, சும்மா ஒரு ஒழுங்கை வீடு. எதை வாங்கட்டும்?"

தங்கச்சி, அந்த "சும்மா ஒரு ஒழுங்கை வீடு" என்ற சொல்லில்தான் நான் நின்றுவிட்டேன். முப்பது வருஷமாக இந்த ஊரில் வீடு கட்டியும், கட்டின வீட்டைப் பார்த்து அறிக்கை எழுதிக் கொடுத்தும் பிழைக்கிறவன் நான். விளம்பரத்தில் சொல்ல ஒன்றும் இல்லாத ஒழுங்கை வீடுகளில் ஆட்கள் நாற்பது வருஷம் நிம்மதியாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன், பட்டியல் நீளமான வீடுகள் மூன்று வருஷத்தில் திரும்பவும் விற்பனைக்கு வருவதையும் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பட்டியலை இன்னொரு தரம் வாசியுங்கள். கடற்கரை, ஹோட்டல், சுப்பர்மார்க்கெட். ஆடி ஆவணியில் ஒரு கிழமை வந்து நின்றுவிட்டுப் போகிறவருக்கு இதெல்லாம் வசதிதான். உங்கள் அம்மா வருஷம் முழுக்க இருக்கப் போகிறவர். கார் ஓட்டமாட்டார், முழங்கால் வேறு. அவருக்கு 300 மீற்றர் மணல் ஒழுங்கை என்பது 300 மீற்றர் இல்லை, நடுவில் ஒரு வீட்டு மதிலில் சாய்ந்து இளைப்பாறிவிட்டுப் போகிற தூரம். ஆஸ்பத்திரி பத்து நிமிடம் என்பது பத்து மணிக்கு வெறும் ரோட்டில் கார் போகிற கணக்கு. கிளினிக் நாளில் நம்பர் எடுக்க விடியவே போய் நிற்க வேண்டுமே, அந்த நேரத்தில் அந்த ஒழுங்கைக்குள் ஓட்டோ வருமா, தெரிந்த ஓட்டோக்காரர் ஒருவர் அந்தப் பக்கம் இருக்கிறாரா? இதைத்தான் அக்காவிடம் விசாரிக்கச் சொல்லுங்கள். நிலாவெளி ரோட்டில் நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டைப் பஸ்கள் ஓடுகின்றன, அது நல்ல விஷயம்தான், ஆனால் பஸ்ஸைப் பிடிக்க முதலில் அந்த மணலைத் தாண்ட வேண்டும்.

சரி, தண்ணீருக்கு வருவோம். என்னைக் கேட்டால் திருகோணமலையில் வீடு பார்க்கப் போகிறவர் வீட்டைக் கடைசியில் பார்த்தால் போதும். முதலில் கிணறு.

அலஸ்தோட்டம், உப்புவெளி எல்லாம் கடலோர மணல் நிலம். உப்புவெளி என்று பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை. இந்த மணலுக்குள் மழைத்தண்ணீர் இறங்கி, கீழே இருக்கிற உப்புத் தண்ணீரின் மேல் எண்ணெய் மிதக்கிற மாதிரி நிற்கிறது. கணக்கு என்னவென்றால், கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு நல்ல தண்ணீர் தாங்கும். இதைக் கேட்டு எல்லாரும் சந்தோஷப்படுவார்கள். ஆனால் கணக்கைத் திருப்பிப் பாருங்கள்: மோட்டர் போட்டு இழுத்து மேலே ஒரு அடி குறைந்தால், காலப்போக்கில் கீழேயிருந்து உப்பு நாற்பது அடி ஏறிவரப் பார்க்கும். உங்கள் வீட்டில் ஒரு மோட்டர். பக்கத்தில் "வசதி" என்று போட்டிருக்கிற ஹோட்டல்களில் எத்தனை மோட்டர், எத்தனை ஷவர், நீச்சல் குளம் உண்டா? மணலுக்குக் கீழே மதில் கிடையாது தங்கச்சி. அவர்கள் இழுத்தாலும் உங்கள் கிணறுதான் சவர்க்கும்.

இப்போது புரட்டாசி. மாதக்கணக்கில் கச்சான் காற்று அடித்துக் காய்ந்த நிலம். கிணறு தன் மோசமான முகத்தைக் காட்டுகிற நேரம் இதுதான், அதனால் அக்காவை இந்தக் கிழமையே அனுப்புங்கள். வீட்டுக்காரர் தாங்கியில் நிரப்பி வைத்ததைக் குடிக்கத் தந்தால் குடித்துவிட்டு, கிணற்றடிக்குப் போய் வாளியால் அள்ளி ஒரு வாய் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு அதே தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும், நுரை வராமல் வெள்ளையாகத் திரிந்தால் கடினத் தண்ணீர். குசினிக்குள் போய் கேத்தலின் உள்பக்கத்தைப் பார்க்கட்டும், வீட்டுக்காரர் எல்லாவற்றையும் துடைத்து வைத்திருப்பார், கேத்தலின் அடியைத் துடைத்து வைத்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. கிணற்றின் உள்சுவரில் வட்டம் வட்டமாக நீர்க்கறை தெரியும், மேல் வட்டத்துக்கும் இப்போதைய தண்ணீருக்கும் எத்தனை அடி என்று பார்த்தால் மாரிக்கும் கோடைக்கும் உள்ள வித்தியாசம் கையில் வந்துவிடும். மேல் வட்டம் நில மட்டத்தை ஒட்டி இருந்தால் அதைக் குறித்து வையுங்கள், கீழே அதற்கு வருகிறேன்.

வாய் ருசி போதாது. ஒரு போத்தலில் எடுத்து நீர் வழங்கல் சபையின் ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பரிசோதிக்க வேண்டும். இலங்கைத் தரம் குடிதண்ணீருக்குக் குளோரைட் லீற்றருக்கு 250 மில்லிகிராம் வரைதான் விடுகிறது. கிருமியும் பாருங்கள், ஏனென்றால் 20 பேர்ச் காணிக்குள் உங்கள் மலசலக்குழி ஒன்று, இரண்டு பக்க அயலவரின் குழி, பின் வளவுக்காரரின் குழி. கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் 50 அடி இருக்க வேண்டும் என்பது நாங்கள் எல்லாரும் படித்தது. உங்கள் குழியைத் தள்ளி வெட்டுவீர்கள், சரி. அயலவருடையது உங்கள் மதிலோடு ஒட்டி இருந்தால்?

பைப் தண்ணீர் உண்டு என்கிறார்கள். திருகோணமலைக்குக் குழாய்த் தண்ணீர் வருவது கந்தளாய்க் குளத்திலிருந்து, நாற்பது கிலோமீற்றர் பயணம். லைனின் வால் பக்கத்தில் இருக்கும் ஒழுங்கைகளில் மீற்றர் இருக்கும், அமுக்கம் இருக்காது. ஒரு தந்திரம் சொல்கிறேன்: கடந்த பன்னிரண்டு மாதத்துத் தண்ணி பில்லையும் கறண்ட் பில்லையும் கேளுங்கள். நாலு பேர் இருக்கிற வீட்டில் தண்ணி பில் மிகக் குறைவாக இருந்தால் அவர்கள் சிக்கனக்காரர் என்று நினைக்காதீர்கள், பைப்பில் வரவில்லை, மோட்டரில் ஓடுகிறது. காய்ந்த மாதங்களில் பில் திடீரென்று இறங்கினால் பவுசர் வாங்கியிருக்கிறார்கள். பில் தர மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான். அப்புறம் மீற்றர் பக்கத்துக் குழாயைக் காலை ஆறு மணிக்குத் திறந்து பார்க்க வேண்டும், பகல் பதினொரு மணிக்கு எல்லா வீட்டிலும் தண்ணீர் வரும்.

அடுத்தது வெள்ளம். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, காசு கொடுத்துப் படித்தேன். 2003, சமாதான காலம், எல்லாரும் காணி வாங்குகிறார்கள், நானும் வாங்கினேன். எஞ்சினியர் என்ற மிதப்பில் ஆவணி மாதம் போய்ப் பார்த்தேன், அஸ்திவாரம் பார்த்தேன், கூரை பார்த்தேன், வளவைச் சுற்றிவரப் பார்த்தேன், எல்லாம் காய்ந்து மொறுமொறு என்று இருந்தது. கார்த்திகை இரண்டாம் கிழமை மழை பிடித்தது. மூன்றாம் நாள் காலையில் கொமட்டில் தண்ணி ஊற்றினால் இறங்கவில்லை, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மேலே வந்தது. நிலத்தண்ணீர் ஏறிக் குழி நிரம்பிவிட்டது. கிணற்றில் மேல் வட்டம் நில மட்டத்தை ஒட்டி இருந்தால் குறித்து வையுங்கள் என்றது இதற்காகத்தான். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறேன், பக்கத்து வீட்டு ஆச்சி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தம்பி, இது முந்தி வெள்ளம் வடியிற வாய்க்கால் எல்லே. வித்தவர் சொல்லேல்லையோ?" என்றா. சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதைவிட வெட்கம், அதே ஆச்சி ஆவணியிலும் அதே மதிலடியில்தான் நின்றவ, நான் அவவிடம் ஒரு வார்த்தை பேசாமல் அஸ்திவாரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால் அக்கா போகும்போது ஒழுங்கையில் இருக்கும் ஒரு வயதான ஆளைப் பிடிக்கட்டும். "இங்கே வெள்ளம் வருமா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள், தங்கள் காணிக்கும் விலை இறங்கிவிடும். "2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழைக்குத் தண்ணி எதுவரைக்கும் நின்றது?" என்று கேளுங்கள். கையை நீட்டி அந்த மதில், இந்தப் படி என்று காட்டுவார்கள். இரண்டாவது கேள்வி 2004 டிசம்பர் 26. உப்புவெளி, நிலாவெளிக் கரையெல்லாம் அன்று அடிபட்ட கரை. 250 மீற்றரில் இருக்கிற காணிக்கு அந்தக் கேள்வியைக் கேட்காமல் வாங்கக்கூடாது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, அலை வந்த பக்கம் தெரிந்தால் அம்மாவும் மகனும் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதும் தெரியும்.

250 மீற்றருக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கிறது, இதை விளம்பரத்தில் போடமாட்டார்கள். கரையோரம் பேணல் சட்டம் என்று 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டம், உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம் என்கிறது. அதற்குள் கட்டட வேலை என்றால் உள்ளூராட்சிச் சபையின் அனுமதி மட்டும் போதாது, கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் எடுக்க வேண்டும். உங்கள் மாடித் திட்டம் அதற்குள்தான் வருகிறது. சுனாமிக்குப் பிறகு வடக்குக் கிழக்கில் 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று ஒரு தடை போட்டுப் பிறகு தளர்த்தினார்கள். இந்த வீடு 2006 என்கிறீர்கள், அந்தக் குழப்பமான காலத்து வீடு. எனவே கட்டிய அனுமதியும், கட்டி முடித்த பிறகு சபை கொடுக்கும் இணக்கச் சான்றிதழும் மூலப் பிரதியாகக் கண்ணில் படவேண்டும். "இந்தப் பக்கம் ஒருத்தரும் அதெல்லாம் எடுக்கிறதில்லை" என்று புரோக்கர் சொன்னால், வங்கிக் கடனும் அப்படித்தான் ஒருத்தருக்கும் கிடைக்கிறதில்லை என்று சொல்லுங்கள்.

2006 என்றதும் எனக்கு இன்னொன்று உறுத்துகிறது. சுனாமிக்குப் பிறகு எல்லா இடமும் ஒரே நேரத்தில் கட்டினார்கள், மணலுக்குத் தட்டுப்பாடு, அவசரத்தில் கடல் மணலைக் கழுவாமல் போட்டவர்களும் உண்டு. கடல் மணலில் இருக்கும் உப்பு கொங்கிரீட்டுக்குள் கம்பியைக் கறள் பிடிக்க வைக்கும், கறள் பிடித்த கம்பி வீங்கும், வீங்கினால் கொங்கிரீட் வெடித்துக் கழன்று விழும். பதினைந்து இருபது வருஷத்தில்தான் இது வெளியே தெரியும், அதாவது இப்போது. புதுப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள் என்றால் இன்னும் கவனம். ஒரு பத்து ரூபாக் குற்றியை எடுத்து பீமின் அடிப்பக்கம், ஜன்னலுக்கு மேல் லிண்டல், போர்ட்டிக்கோத் தூண் இவற்றில் தட்டிக்கொண்டே போக வேண்டும். கல்லில் தட்டுகிற சத்தம் வந்தால் நல்லது, தகரப் பேணியில் தட்டினது போல் பொள்ளென்று கேட்டால் உள்ளே கழன்றுவிட்டது. கம்பி ஓடுகிற நேர்கோட்டில் வெடிப்பு, அதிலிருந்து தேநீர்ச் சாயம் வடிந்தது போல் பழுப்பு. சாந்து உடைந்த இடத்தில் விரலால் தேய்த்தால் சிப்பித் தூள் வந்தால், அந்த வீட்டின் மேல் மாடி கட்டுவதை மறந்துவிடுங்கள். நான் வடிவமைத்துத் தரமாட்டேன், மனச்சாட்சி உள்ள வேறு எஞ்சினியரும் தரமாட்டார்.

பாடசாலை பக்கத்தில் என்பது தங்கை வாய்விட்டுச் சந்தோஷப்பட்ட விஷயம், அதில் கொஞ்சம் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது. முதலாம் வகுப்பு அனுமதியில் கிட்டிய வதிவிடத்துக்குப் புள்ளி உண்டுதான், ஆனால் வீடு பக்கத்தில் இருப்பது மட்டும் போதாது. பெற்றோரின் பெயர் அந்த விலாசத்தில் வாக்காளர் இடாப்பில் எத்தனை வருஷமாக இருக்கிறது, காணி உறுதி எத்தனை வருஷப் பழசு என்றெல்லாம் பார்ப்பார்கள். நீங்கள் கட்டாரில், உறுதி புத்தம் புதுசு. உங்கள் வீட்டுக்கும் நீங்கள் கேட்கிற பாடசாலைக்கும் இடையில் வேறு பாடசாலைகள் இருந்தால் அதற்கும் புள்ளி குறைப்பார்கள், ஆகவே ரவுணுக்குள் கோணேஸ்வராவோ சென் ஜோசப்போ என்று மனதில் வைத்து அலஸ்தோட்டத்தில் வீடு வாங்குகிறவர்கள் முதலில் அந்த வருஷத்துச் சுற்றறிக்கையை வாசிக்க வேண்டும். பையனுக்கு நாலு வயது என்றால் உங்களுக்கு நேரம் அதிகம் இல்லை.

ஒழுங்கை அகலத்தை அளக்கச் சொல்லுங்கள். கார் போனால் போதாது. மலசலக்குழி இறைக்கிற கலி பவுசர் உள்ளே வரவேண்டும், தண்ணி பவுசர் வரவேண்டும், நீங்கள் கட்டப் போனால் மணல் டிப்பர் வரவேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக இரவில் 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கேற் வரைக்கும் வந்து திரும்ப வேண்டும். ஒழுங்கை சபையின் பதிவில் இருக்கிறதா, யாரோ ஒருவரின் சொந்தக் காணியில் போகிற வழியா என்பதை சேர்வேயரின் பிளானிலேயே பார்க்கலாம். லைற் எரிகிறதா என்று ஏழு மணிக்குப் பார்க்க வேண்டும்.

கோயிலைப் பற்றி ஒன்றே ஒன்று. பிள்ளையார் பக்கத்தில் இருப்பது அம்மாவுக்குப் பெரிய ஆறுதல், நானும் ஒத்துக்கொள்கிறேன். மார்கழியில் திருவெம்பாவை விடிய நாலரைக்கு ஒலிபெருக்கியில் வரும், அதுவும் ஆறுதல்தான், மாடியில் காசு கொடுத்துப் படுத்திருக்கிற வெள்ளைக்காரருக்கு எப்படியோ தெரியாது.

கடற்கரைக்காகவும் ஒரு நியாயம் பேச வேண்டும், இல்லாவிட்டால் நான் கடலுக்கு விரோதி என்று நினைப்பீர்கள். வாடை ஓய்ந்து கடல் அடங்கின மாதங்களில் காலையில் கரைவலை இழுக்கும்போது போய் நின்றால் துடிக்கத் துடிக்க மீன் வாங்கலாம், சந்தையில் அந்த மீனும் கிடைக்காது, அந்த விலையும் கிடைக்காது. அது உண்மையான வசதி. ஆனால் அம்மாவின் முழங்காலுக்கு மணலில் 250 மீற்றர் போய் 250 மீற்றர் வரவேண்டும், ஆக வாசலுக்கு வரும் சைக்கிள் மீன்காரர் யார் என்று கேட்பதுதான் புத்தி. பாலையூற்று ஒழுங்கைக்குள்ளும் அவர் வருவார்.

உறுதி விஷயத்தைச் சட்டத்தரணிதான் பார்க்க வேண்டும், நான் பார்ப்பதில்லை. ஆனால் இரண்டு இடத்திலும் கேளுங்கள்: இது உறுதிக் காணியா, பெர்மிற் காணியா? அரசாங்கம் பெர்மிற்றில் கொடுத்த காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது, அதை ஏதோ ஒரு கடுதாசி எழுதி விற்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். காணிப் பதிவகத்தில் முப்பது வருஷத்துக்குத் தேடச் சொல்லுங்கள். யுத்தத்தில் ஆட்கள் இடம்பெயர்ந்த ஊர் இது, சொந்தக்காரர் கனடாவில் இருக்க, இங்கே அற்றோணித் தத்துவத்தில் ஒருவர் விற்பது சாதாரணம். அப்படியென்றால் சொந்தக்காரரோடு வீடியோவில் ஒரு முறை பேசிவிடுங்கள், கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்தப் பத்திரமும் அதோடு முடிந்துவிடும். செலவையும் கணக்கில் போடுங்கள்: முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 180 இலட்சத்துக்கு 7 இலட்சத்து 19 ஆயிரம் ரூபா, நொத்தாரிசுக் கட்டணம் வேறு.

எதை வாங்கட்டும் என்று கேட்டீர்கள். நான் இரண்டு வீட்டையும் நேரில் பார்க்கவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் இருப்பவர்கள் ஒரு முழங்கால் வருத்தக்காரி, ஒரு சின்னப் பிள்ளை, பக்கத்தில் உவர்மலையில் அக்கா. பாலையூற்று ரவுணுக்குக் கிட்ட, கண்டி ரோட்டில் பஸ் ஓடுகிறது, அவசரத்துக்கு அக்கா ஓட்டோவில் வந்துவிடுவா. கடலிலிருந்து தள்ளியிருப்பதால் கம்பியும் கூரை ஆணியும் கொஞ்சம் கூடக் காலம் உழைக்கும். அங்கேயும் தண்ணி பில், ஒழுங்கை அகலம், டித்வா மழை மூன்றையும் அதே மாதிரிக் கேட்டு, மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால் நான் அதைத்தான் வாங்குவேன், மிச்சம் 40 இலட்சத்தை வங்கியில் போடுவேன். அலஸ்தோட்டத்தில்தான் மனம் நிற்கிறது என்றால் இப்போது அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் நாலு மாதம் அந்த வீட்டையே வாடகைக்குத் தரச் சொல்லிக் கேளுங்கள், விற்கிற அவசரத்தில் இருக்கிறவர் சம்மதிக்கவும் கூடும், அம்மா ஒரு மாரியை அங்கே கழித்துப் பார்க்கட்டும். சம்மதிக்காவிட்டால் கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் அக்காவை ஒரு முறை போகச் சொல்லுங்கள், புரோக்கருக்குச் சொல்லாமல்.

இப்போது போகும்போது அக்கா கொண்டு போக வேண்டியது ஒரு பத்து ரூபாக் குற்றி, ஒரு அளவு நாடா, கழுவின வெறும் போத்தல் ஒன்று. கிணற்று வட்டங்களையும் கேத்தலையும் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பட்டும்.